மலைக்குளிரில் கேரவன் தங்கல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரிங்லெட்வாசி:

மலேசியாவின் கேமரன் மலைக்குக் கேரவன் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பள்ளி விடுமுறை வந்தால் ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி மேலே போகிற வண்டிகளில் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். பெரும்பாலும் கீழ்நாட்டுக்காரர்கள். குளிர் என்றால் ஏர்கோனைக் கொஞ்சம் கூட்டி வைத்த அளவுதான் என்று நம்பி வருவார்கள். நடுராத்திரிக்கு மேல் சங்கதி தெரியும்.

இங்கே உறைபனி எல்லாம் கிடையாது. ராத்திரியில் 15, 16 டிகிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். 1978-ல் 7.8 டிகிரி வரை போனதுதான் பதிவில் உள்ள அதிகக் குளிர். ஆனாலும் வருகிறவர்கள் பல் கிட்டித்து நடுங்குகிறார்கள். காரணம் ஈரம்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கெட்டியாகிக் கிடக்கும், அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்பார்கள். அந்த வீட்டில்கூட இப்படி நடுங்கியதில்லை. பலகைச் சந்தெல்லாம் காற்று போய்வரும், விறகடுப்பின் புகை கூரை வழியாக வெளியேறும், போர்வை காய்ந்திருக்கும். கேரவனில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுக்கிறோம். வித்தியாசம் அங்கேதான்.

என் மச்சான் குடும்பம் ஈப்போவிலிருந்து வந்திருந்தார்கள். ஒரு காய்கறித் தோட்டத்தின் ஓரமாகக் கேரவனை நிறுத்தியிருந்தார்கள். கேமரன் வந்தவர்கள் ஸ்டீம்போட் (கொதிக்கும் சட்டியில் போட்டு வேகவைத்து அப்படியே சாப்பிடுவது) சாப்பிடாமல் திரும்பக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போல. வெளியே மழை, அதனால் உள்ளேயே அடுப்பை வைத்துக் கதவு சன்னல் எல்லாம் அடைத்துவிட்டார்கள். சட்டி ரொம்ப நேரம் கொதித்தது. படுக்கும்போது நன்றாகத்தான் இருந்ததாம். விடியற்காலையில் மச்சான் நெற்றியில் ஒரு சொட்டு. துடைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தால் காதில் ஒரு சொட்டு. கூரை ஒழுகுகிறது என்று டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். ஒழுகலே இல்லை. கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை பூராவும் ஈரம். அக்கா அந்த மெத்தையை வெயிலில் போட வெயில் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் அதிலிருந்தே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். சட்டியிலிருந்து கிளம்பும் ஆவி தனி. இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டாலே அரை லிட்டர் அளவுக்கு ஈரம் சேரும். சின்னக் கேரவனுக்குள் 12 கன மீட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரியில் அந்தக் காற்று தாங்கக்கூடிய ஈரம் 150 மில்லிதான். மீதி எல்லாம் கண்ணாடிக்கும் மெத்தைக்கும் உங்கள் போர்வைக்கும் போகிறது. ஈரப் போர்வை எத்தனை போர்த்தினாலும் சூடு நிற்காது.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது, சமையல் வெளியே வையுங்கள், ராத்திரி ஒரு சன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவிட்டுப் படுங்கள், கூரை வென்ட்டையும் கொஞ்சம் தூக்கி வையுங்கள். உங்கள் அனுபவம் என்ன?

தாப்பா மருமகன்:

அண்ணே, குளிருக்குச் சன்னலைத் திறக்கச் சொல்கிறீர்களே, இது நியாயமா? வெளியே மூடுபனி இறங்கிக் கிடக்கிறது. திறந்தால் அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே வராதா? என் மாமியார் இதைப் படித்தால் என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்.

ரிங்லெட்வாசி:

வரும் தம்பி, ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. வெளியே 15 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கிற காற்றில், ஒரு கன மீட்டருக்கு 13 கிராம் தண்ணீர் இருக்கும். அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். அந்த மிச்ச 4 கிராம் இடத்தில்தான் உங்கள் மூச்சை ஏற்றிக்கொண்டு வெளியே போகிறது. உள்ளே வெளியை விடச் சூடாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எந்தச் சூடும் இல்லாமல் சும்மா திறந்து வைத்தால் பலன் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். மாமியாருக்கு இதைச் சொல்லவேண்டாம், படுத்த பிறகு திறந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்:

ரிங்லெட்வாசி ஈரத்தைப் பற்றிச் சொன்னார். நான் இன்னொரு காரணத்துக்காக அதே சன்னலைத் திறக்கச் சொல்வேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் நடந்தது இது.

அப்போதெல்லாம் பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் தட்டக்கூடாது என்று கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைப்பது வழக்கம். மழைக்காலம். ஒரு பாட்டி சன்னலுக்குச் சாக்கு கட்டி, கதவுச் சந்தில் துணியைத் திணித்து, சட்டி நிறையக் கங்கு போட்டு வைத்துவிட்டார். விடிவதற்கு முன் என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தது. போனால் பெற்றவளுக்குத் தலையைப் பிளக்கிற வலி, வாந்தி. பாட்டி எழுந்து நிற்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழவில்லை, துவண்டு கிடந்தது. வெளியே ஒரு கூட்டம், காத்து கருப்பு அடித்துவிட்டது, பூசாரியைக் கூட்டிவரலாம் என்று பேசிக்கொண்டிருந்தது. எல்லாரையும் தூக்கி வெளித் திண்ணையில் போட்டோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீல் என்று கத்தியது. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். காய்ச்சல் வரப்போகிறது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். அப்படியே எழுந்திருக்காமல் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு.

இப்போது கேரவன்காரர்கள் செய்வதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சாயங்காலம் வெளியே பார்பெக்யூ போடுகிறார்கள். மழை வந்ததும் சட்டியைக் கேரவன் வாசலுக்கு இழுக்கிறார்கள், இன்னும் பெருத்தால் உள்ளே. நெருப்பு அடங்கிவிட்டது, வெறும் கங்குதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கங்குதான் மோசம். கரி அரைகுறையாக எரியும்போதுதான் இந்த வாயு அதிகம் வரும். கேஸ் அடுப்பைக் கொளுத்தி வைத்துவிட்டு அந்தச் சூட்டில் தூங்குவதும் இதே கதைதான்.

இன்னொன்று. கோவிட் காலத்தில் எல்லார் வீட்டிலும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். தலைவலி வந்தால் அதை மாட்டி 98 காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். இரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தச் சாதாரண மீட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, நன்றாகவே காட்டும். ஒரே வண்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால் யோசிக்க நேரமில்லை. கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள்.

லோரிக்காரன்:

டிரஸ்ஸர் ஐயா சொன்னதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. உள்ளே நெருப்பு வேண்டாம். சூடு வேண்டும் என்றால் டீசல் ஹீட்டர் போடுங்கள். எங்கள் பட்டறையில் மாட்டிக் கொடுக்கிறோம், அதனால் விளம்பரம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அதன் நெருப்பு ஹீட்டருக்குள்ளேயே இருக்கும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் எரியும். எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுக்கும், புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். உள்ளே இருக்கிற காற்று அந்தச் சூடான இரும்பின் மேல் ஓடி வருவதோடு சரி. அதனால் வருகிற சூடு காய்ந்த சூடு. சின்னக் கேரவனுக்கு 2 கிலோவாட் போதும். எல்லாரும் 5 கிலோவாட்தான் கேட்கிறார்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லையாம். நம் ஊர்க் குளிருக்கு அதை எப்போதும் குறைத்து வைத்தே ஓட்டவேண்டியிருக்கும். குறைவாகவே எரிந்தால் உள்ளே கரி படியும். அதோடு கேமரனில் உள்ள பிரிஞ்சாங் பட்டணம் 1,500 மீட்டர் உயரம், காற்று மெலிசு, டீசல் சரியாக எரியாமல் இன்னும் கரி சேரும். உயரத்துக்கு ஏற்றபடி மாற்றும் வசதி உள்ள ஹீட்டராகக் கேட்டு வாங்குங்கள். அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பேட்டரி வயரைப் பிடுங்கி அணைக்கவே கூடாது, அது தானாக ஆறி நிற்கவேண்டும்.

புகைக்குழாய் வாய் சன்னலுக்கு அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் வண்டியில் முன்பு யாரோ மாட்டிய குழாய் நேராகப் படுக்கைச் சன்னலுக்குக் கீழே நின்றது. நல்லவேளை, பார்த்துவிட்டோம்.

என் தம்பி கனடாவில் ஆல்பர்ட்டாவில் இருக்கிறான். அங்கே டிரெய்லரிலேயே கேஸ் ஃபர்னஸ் என்கிற ஹீட்டர் வைத்து வருகிறது, அதுவும் மூடிய பெட்டிக்குள் எரியும் நெருப்புதான். தோம்பில் (சிலிண்டரில்) கேஸ் இருக்கும், ஆனால் விடியும் முன் ஹீட்டர் நின்றுவிடும் என்பான். காரணம் பேட்டரி. சூட்டை ஊதுகிற காற்றாடி பேட்டரியைக் குடித்துவிடும். இங்கேயும் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான்.

மேலே வர வழி கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கேரவனோடு தாப்பா பாதையில் ஏறாதீர்கள், வளைவு ஓயாது. சிம்பாங் பூலாய் பாதை அகலம்.

ஹாபு அக்கா:

எனக்கு ஹீட்டர் கணக்கெல்லாம் தெரியாது. நிஜக் குளிர் எப்படி என்று பார்த்தது நியூசிலாந்தில். மகளும் மருமகனும் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிறார்கள். ஜூலையில் டெக்காப்போ ஏரிக்குக் கேரவனில் கூட்டிப்போனார்கள். ராத்திரியில் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. காலையில் சன்னலின் உள்பக்கத்தில் பனி பூப்பூவாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. வெளிக் குழாயிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் வரும் ரப்பர் ஓஸ் கம்பி போல விறைத்துவிட்டது. அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் முதல் நாள் சாயங்காலமே டேங்கை நிரப்பிக்கொண்டு ஓஸைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

மருமகன் ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடுகிற சின்ன கேஸ் டின்னைக் கொண்டுவந்திருந்தார். வெளியே வைத்துப் பற்றவைத்தால் பற்றவே இல்லை. பியூட்டேன் பூச்சியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாகாதாம். பெரிய தோம்பில் புரோப்பேனும் கலந்திருக்கும், அது மைனஸ் 42 வரை ஆவியாகுமாம். டின்னை மருமகன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்புறம்தான் தே தண்ணி கிடைத்தது. யாரும் அந்த டின்னை நெருப்பில் காட்டிச் சூடாக்காதீர்கள், வெடித்துவிடும்.

கரண்டு உள்ள இடம் என்பதால் சின்ன மின்சார ஹீட்டர் வைத்தார்கள். ஆனாலும் முதல் நாள் ராத்திரி எனக்கு முதுகு விறைத்துவிட்டது. மேலே மூன்று போர்வை, கீழே மெல்லிய மெத்தை. குளிர் தரையிலிருந்து ஏறுகிறது. நாம் படுத்த இடத்தில் மெத்தை நசுங்கிவிடுவதால் அங்கே சூடு நிற்பதில்லை. மறுநாள் இரண்டு போர்வையைக் கீழே விரித்து, ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டேன். அருமையான தூக்கம். கொழுந்து பறித்த காலத்தில் நாங்கள் சாக்குக்கு மேல் பாய், பாய்க்கு மேல் கம்பளி என்று விரித்துத்தான் படுத்தோம். அது மகளுக்கு எங்கே தெரியும், விலை கூடின போர்வையாக வாங்கி மேலே மேலே போடுகிறாள்.

சுடுதண்ணீர்ப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொஞ்சம் ஆறியதும் ஊற்றி, துணி சுற்றி, படுப்பதற்கு முன்பே கால்மாட்டில் போர்வைக்குள் வைத்துவிடுங்கள். பகலில் போட்ட உடுப்போடு படுக்காதீர்கள், வியர்வை ஈரம் இருக்கும். ராத்திரிக்கென்று காய்ந்த ஒரு சோடி உடுப்பும் காலுறையும் தனியாக பிளாஸ்டிக் பையில் வையுங்கள். தலைக்குக் குல்லா மறக்காதீர்கள், பிரிஞ்சாங் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கும்.

தாப்பா மருமகன்:

எல்லாருக்கும் நன்றி. சன்னலைத் திறக்கிறேன், கரியை உள்ளே கொண்டுவரமாட்டேன், போர்வையைக் கீழே விரிக்கிறேன். டிரஸ்ஸர் ஐயா, அந்த வாயு இருந்தால் கத்துகிற பெட்டி ஏதாவது இருக்கிறதா? கேரவனில் ஏற்கெனவே ஒரு வெள்ளைப் பெட்டி கூரையில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்:

கூரையில் இருப்பது பெரும்பாலும் புகை அலாரம். அது புகைக்குத்தான் கத்தும், இந்த வாயுவுக்குக் கத்தாது. பெட்டியின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள் தம்பி. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வாங்கவேண்டும். ஆன்லைனில் நிறைய வருகிறது, மலிவு என்று கண்டதை எடுக்காதீர்கள். ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சடித்திருக்கிறதா பாருங்கள், அந்த 2 கேரவன், படகு மாதிரி இடங்களுக்கானது. படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள், சன்னல் பக்கத்தில் வேண்டாம். கிளம்பும் முன் பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பேரப்பிள்ளைகளை அமுக்கவிட்டால் அந்த வேலையை மறக்கவே மாட்டார்கள்.