ஆறு வருடமாகியும் பொறுமை வரவில்லை
கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஞானஸ்நானம் பெற்று ஆறு வருடங்கள். அம்மா ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் போதும், குரல் உயர்ந்துவிடுகிறது. காலி வீதி (Galle Road) நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றபடி எல்லாரையும் மனதுக்குள் திட்டுகிறேன், ஜெபித்துவிட்டு வந்த அதே காலையில்!

அதிகாலை ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், நீடிய பொறுமையை ஆவியின் கனியில் சேர்த்துச் சொல்லும் பைபிள் வசனம் கலாத்தியர் 5:22 மனப்பாடம், எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கத்தோலிக்கன் அல்லாத நான் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் போனேன். இரண்டு வாரம் அடங்கும், பிறகு பழைய கதைதான். போதகர் "இன்னும் ஜெபியுங்கள்" என்கிறார். மாற்கு 4:28 முன்பு முளை, பின்பு கதிர் என்கிறது. என் நிலத்தில் முளையையே காணோம்.

கோபம் எழும் அந்தக் கணத்தில் நீங்கள் என்ன செய்து பழகினீர்கள்?