மறு: நாமினேஷன் – ‘முன்தெரிவு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

விருதின் இறுதிப் போட்டிக்குத் தேறுவதைக் குறிக்கும் ‘நாமினேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1951 மார்ச் 29 அன்று ஹாலிவுட்டில் பாண்டேஜஸ் அரங்கில் நடந்த 23-ஆவது ஆஸ்கர் விழாவுக்குத் தமிழில் ஓர் அட்டவணை போட உட்கார்ந்தேன். 1950-இல் வெளியான படங்களுக்கான விருதுகள். இடப்பக்கம் விருது வாங்கியவர், வலப்பக்கம் அவரோடு களத்தில் இருந்தவர்கள், அவ்வளவுதான். வலப்பக்கத்துக்கு ‘பரிந்துரைக்கப்பட்டவர்கள்’ என்று தலைப்பு வைத்தேன். ‘ஆல் அபௌட் ஈவ்’ படத்துக்கு வந்தபோது அந்தத் தலைப்பை அழித்துவிட்டேன்.

அந்தப் படத்துக்கு 14 நாமினேஷன். அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு வந்ததில்லை. ‘14 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு எண்ணிப் பார்த்தேன். பிரிவுகள் 12தான். சிறந்த நடிகைக்கு பெட்டி டேவிஸ், ஆன் பாக்ஸ்டர் என்று ஒரே படத்திலிருந்து இருவர். துணை நடிகைக்கும் செலஸ்ட் ஹோம், தெல்மா ரிட்டர் என்று இருவர். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற வினை வாக்கியத்தில் கரைந்துவிடுவதால், எதை எண்ணுகிறோம் என்பதே மறந்து, எண் பிரிவின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘பன்னிரண்டு பிரிவுகளில் பதினான்கு இன்னது’ என்று சொல்ல, தனியே நிற்கும் ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பரிந்துரை என்றால் பரிந்து உரைப்பது. நமக்காக இன்னொருவர் இன்னோரிடத்தில் எடுத்துச் சொல்வது. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம், மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரை, எல்லாம் அந்தப் பொருளில்தான் வருகின்றன. சொன்னதைக் கேட்பதும் தள்ளுவதும் மறுபக்கத்தின் விருப்பம். ஆஸ்கரில் இதற்குச் சரியாகப் பொருந்துவது ஒரு நாடு தன் படத்தை அனுப்பிவைக்கும் கட்டம். ‘தெய்வமகன்’ அப்படித்தான் இந்தியாவின் சார்பில் போனது. பின்னால் ‘விசாரணை’யும் ‘கூழாங்கல்’லும் போயின. இவற்றை ‘ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படங்கள்’ என்று எழுதினால் சொல்லளவில் தப்பே இல்லை. ஆனால் 1958 விழாவில் ‘மதர் இந்தியா’ பிறமொழிப் படத்துக்கான இறுதி ஐந்து படங்களில் ஒன்றாக நின்றதே, அதற்கும் இதே சொல்லைத்தானே போடுகிறோம்? அனுப்பப்பட்ட படமும், அங்கே உள்ளவர்கள் பார்த்துப் பொறுக்கி எடுத்த படமும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. படிக்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்?

நாமினேஷன் அங்கே ஒரு வாக்கெடுப்பின் முடிவு. நடிப்புப் பிரிவுகளுக்கு நடிப்புத் துறையினர் முதலில் வாக்களிப்பார்கள், ஐந்து பெயர் தேறும். பிறகு அந்த ஐந்தின்மேல், ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாதமியின் உறுப்பினர்கள் எல்லோரும் வாக்களிப்பார்கள். முதல் சுற்றில் தேறியதே ஒரு மதிப்பு. விருது கைக்கு வராவிட்டாலும் அது வாழ்நாள் முழுக்கக் கூட வரும். தெல்மா ரிட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 23-ஆவது விழாவில் தொடங்கி மொத்தம் ஆறு முறை துணை நடிகைக்கான ஐவரில் ஒருவராக நின்றார், ஒரு முறையும் விருது வரவில்லை. சக கலைஞர்கள் ஆறு முறை வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நடிகையை ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, நீங்கள் சொன்ன மற்ற சொற்களைப் பார்ப்போம்.

‘வேட்பாளர்’ அழகான சொல், வேட்புமனு வரைக்கும் நன்றாக வேரூன்றியது. ஆனால் அதில் வேட்டல் இருக்கிறது. தானே விரும்பி மனுப்போட்டவர் என்ற பொருள் போகாது. ‘நியமனம்’ பதவியில் அமர்த்துவது. நியமன உறுப்பினர் என்றால் தேர்தலே இல்லாமல் வந்தவர் என்றுதான் நமக்குப் புரியும், இங்கே நேர்மாறு. ‘நியமனதாரர்’ காப்பீட்டுப் படிவத்துக்கே இருக்கட்டும். அங்கே அம்மா பெயரையோ மனைவி பெயரையோ எழுதும்போது நாம் நினைப்பது வேறு.

‘முன்மொழிவு’ பற்றி இரண்டு நாள் யோசித்தேன். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டங்களில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். முன்மொழிய ஒரே ஆள் போதும். முதல் சுற்று வாக்கு அதில் தெரியவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டிய நண்பருக்குத் தனியே நன்றி. குடவோலைக்குப் ‘பேர் தீட்டி’ என்று அதில் வருவதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பராந்தக சோழன் காலத்தில் நமக்குச் சொந்தமாகவே ஒரு சொல் இருந்திருக்கிறது! ஆனால் ‘தீட்டு’ இன்று சுமக்கும் பொருளை வைத்துக்கொண்டு ஒரு கலைஞரின் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுத முடியாது. அதோடு குடவோலையில் பெயரைக் குலுக்கித்தான் எடுத்தார்கள், வாக்குப் போடவில்லை.

ஆகவே என் முன்வைப்பு: நாமினேஷன் = முன்தெரிவு. நாமினி = முன்தெரிவானவர், பன்மையில் முன்தெரிவானோர், படமானால் முன்தெரிவான படம். இறுதி வாக்குக்கு முன்னால் நடந்த தெரிவு என்பது சொல்லிலேயே இருக்கிறது. எண்ணவும் வாகாக இருக்கிறது: ‘ஆல் அபௌட் ஈவ், 12 பிரிவுகளில் 14 முன்தெரிவு, 6 விருது.’ இலக்கணப்படி புணர்த்தி ‘முற்றெரிவு’ என்று எழுதச் சொல்லாதீர்கள். எதுவோ முற்றும் எரிந்துபோனது போல் ஆகிவிடும். முன்தினம், முன்தேதி என்று எழுதுகிறோமே, அப்படியே இருக்கட்டும். ‘முன்தெரிவாளர்’ வேண்டாம், தெரிந்தெடுத்தவரா தெரிவானவரா என்ற குழப்பம் வரும்.

ஒரு சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பார் என் தமிழாசிரியர். அந்த இரவையே எழுதிப் பார்த்தேன். 1951-இல் விழா தொலைக்காட்சியில் வராது, அது 1953-இல்தான் தொடங்கியது. வானொலியில் கேட்க வேண்டும். நடிகைக்கான ஐவரில் இருவர், குளோரியா ஸ்வான்சனும் ஜூடி ஹாலிடேயும், அன்று ஹாலிவுட்டிலேயே இல்லை. நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் ஒன்றாக உட்கார்ந்து வானொலி கேட்டார்கள். நடிகருக்கான ஐவரில் ஒருவரான ஹொசே ஃபெரரும் கூட இருந்தார். ஸ்வான்சன் 1929-இல் நடந்த முதல் விழாவிலேயே முன்தெரிவானவர், பேசாப்பட காலத்துப் பெரும் நட்சத்திரம். இது அவருக்கு மூன்றாவது முன்தெரிவு. ஹாலிடேக்கு முதல் முன்தெரிவு, வயது 29. அறிவிப்பில் வந்த பெயர் ஹாலிடே. ஃபெரருக்கும் விருது. ஸ்வான்சன் நடித்த ‘சன்செட் புலவார்ட்’ நடிப்புப் பிரிவுகள் நான்கிலும் முன்தெரிவாகி, நான்கிலும் விருது பெறவில்லை. டேவிஸும் பாக்ஸ்டரும் ஒரே படத்திலிருந்து நின்றதால் வாக்கு பிரிந்துபோனது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன், ‘முன்தெரிவு’ எங்கும் தடுக்கவில்லை. நீங்களும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘பரிந்துரை’யைப் போட்டுப் படித்துப் பாருங்கள்.

முன்தெரிவாகாமலே விருது வாங்கியவருக்கு என்ன சொல் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1935 விழாவில் டேவிஸின் பெயர் பட்டியலில் இல்லை என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, வாக்குச்சீட்டில் வேறு பெயரைக் கையால் எழுதலாம் என்று அனுமதித்தார்கள். அதில் டேவிஸுக்குப் பலன் இல்லை. மறு ஆண்டு ஒளிப்பதிவாளர் ஹால் மோர் அந்த வழியாகவே வென்றார். அப்படி வென்றவர் அவர் ஒருவர்தான். ‘எழுதிச்சேர்த்த பெயர்’ என்று நேராகச் சொல்லிவிடலாம், இதற்குத் தனிச்சொல் வேண்டாம்.

அப்புறம் இடப்பக்கத் தலைப்பு. ‘வெற்றியாளர்’ என்றுதான் பலரும் எழுதுகிறோம். மேடையிலும் ‘வென்றவர்…’ என்று அறிவித்துவந்தவர்கள் 1989 விழாவில் ‘ஆஸ்கர் இவருக்குச் செல்கிறது’ என்று மாற்றிக்கொண்டார்கள். மற்ற நால்வரைத் தோற்றவர்களாக்க வேண்டாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘விருது பெற்றவர்’ என்று நான் வைக்க வேறொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் பிறமொழிப் படத்துக்குப் போட்டியே கிடையாது, சிறப்பு விருதாகக் கொடுத்துவிடுவார்கள். 1956-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அது ஐந்து படங்களின் போட்டியானது. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘ராஷோமோன்’ இரண்டும் சிறப்பு விருதாகவே பெற்றவை. அவை யாரையும் வெல்லவில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நம் 23-ஆவது விழா. அதில் அந்த விருது ‘தி வால்ஸ் ஆஃப் மாலபாகா’ படத்துக்கு. அட்டவணையில் ‘விருது பெற்றவை’ என்பதன் கீழ் அதை எழுதி, ‘முன்தெரிவானவை’ கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். ‘முன்தெரிவு’க்கு மறுப்பு இருப்பவர்கள் இந்த ஞாயிறுக்குள் எழுதுங்கள். மற்ற வரிகளை அதற்குப் பிறகு நிரப்புகிறேன்.