மகிந்தோதய ஆய்வுகூடங்களால் பெறுபேறு உயர்ந்ததா? தரவு தந்து உதவுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் கல்வி வலயங்களில் படிப்பிக்கிற ஆசிரியர்மார், அதிபர்மார் கவனத்துக்கு.

மகிந்தோதய ஆய்வுகூடம் (மகிந்த ராஜபக்ச ஆட்சியில் இடைநிலைப் பாடசாலைகளுக்கு அரசு கட்டிக்கொடுத்த கணினி, கணித, மொழி ஆய்வுகூடம்) கிடைத்த பாடசாலைகளில் க.பொ.த சாதாரண தரக் கணிதமும் விஞ்ஞானமும் உண்மையிலேயே முன்னேறினவா என்று ஒப்பிடுகிறோம். ஆய்வுகூடம் திறக்க முன் 5 வருடம், திறந்த பின் 5 வருடம் வேண்டும். வருடாவருடம் தரம் 10 இடாப்பில் இருந்தவர்கள், பரீட்சைக்குத் தோற்றியவர்கள், சித்தியடைந்தவர்கள், அவர்களில் திறமைச் சித்தி பெற்றவர்கள்.

சதவீதமாகத் தரவேண்டாம். மெல்லக் கற்கும் பிள்ளைகள் தரம் 10 உடன் விலகினால், தோற்றியவர்களை வைத்துப் போடும் சதவீதம் தானாக ஏறும். அறிக்கைகளில் ஆக்களை ஏமாற்றுவது பெரும்பாலும் இதுதான். 25 பேர் தோற்றும் இடத்தில் 2 பேர் கூடுதலாகச் சித்தியடைந்தாலே 8 சதவீத உயர்வு. அதனால் ஒரு வருடப் பாய்ச்சலை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஆய்வுகூடம் கிடைக்காத அயல் பாடசாலைகளின் தரவு இன்னும் அவசியம் (ஒருவரும் தர விரும்பாததும் அதுதான்). 1சி பாடசாலையை (உயர்தரத்தில் கலை, வர்த்தகம் இருந்து விஞ்ஞானப் பிரிவு இல்லாதது) 1சி உடன் மட்டுமே ஒப்பிடலாம். வினாத்தாள் கடினம், 2020, 2021 கொரோனா மூடல்கள் எல்லாம் இரு பக்கமும் பொதுவாக இருக்கும். கணித ஆசிரியர் வெற்றிடம் எத்தனை மாதம், தனியார் வகுப்புக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள்.

அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டத்தை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் இப்படி ஒப்பிட்டபோதுதான், எதிர்பார்த்த மாணவர் முன்னேற்றம் வரவில்லை என்று 2018 இல் தெரிந்தது.

பிள்ளைகளின் பெயர், சுட்டிலக்கம் வேண்டாம். ஆய்வுகூடக் கணினிகளில் இப்ப எத்தனை இயங்குகின்றன என்றும் எழுதிவிடுங்கோ.