புதுப்பிப்பு: ஐம்பதைத் தாண்டியபின் கிரியேட்டின்

ஐம்பது வயதுக்கு மேல் எடைப்பயிற்சி தொடங்குபவர் கிரியேட்டினும் (தசைக்கு ஆற்றல் தர உதவும் துணைப்பொடி) வே புரோட்டீனும் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் நிலவரம் கேட்டதால் இது.

இரண்டையும் எடுக்கிறேன். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினமும் 5 கிராம். முதல் வாரம் மட்டும் தினமும் 20 கிராம் எடுக்கும் வழக்கத்தைப் பின்பற்றவில்லை. மெதுவாகப் போனாலும் மூன்று நான்கு வாரங்களில் தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும். தொடக்கத்தில் எடை கொஞ்சம் ஏறியது. தசைக்குள் சேரும் நீர்தான், கொழுப்பு இல்லை.

இதற்கிடையே ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; கூடினால் சிறுநீரகக் கோளாறோ என்று சந்தேகிப்பார்கள்) சற்றுக் கூடியிருந்தது. வீட்டில் ஒரே கலவரம். கிரியேட்டின் சிதைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அளவு ஏறலாம். மருத்துவர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொன்னார். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. இயல்பாகவே இருந்தது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டினைத் தொடவே வேண்டாம்.

வே? அது வெறும் சாப்பாடு. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உணவிலேயே கிடைக்கிற நாளில் டப்பாவைத் திறப்பதில்லை. அப்புறம், பெரிய மாற்றம் ஸ்குவாட்டால் (உட்கார்ந்து எழும் பயிற்சி) வந்தது என்பதே என் கணிப்பு. கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறது.

டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் (ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்று விற்கும் மாத்திரை, பொடி) பற்றிக் கேட்டவர்களுக்கு: வாங்கவில்லை, வாங்கப்போவதுமில்லை.