தகப்பனும் மகனும் சேர்ந்து ஆண்டால் அது என்ன ஆட்சி?

கொக்குவில்: உயர்தர வரலாற்றுக்குப் பேரரசர் ஒப்பீட்டு அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. சைரஸ், அசோகன், ஒகஸ்டஸ், சோழர் எல்லாம் இருக்கு. ஒரு நிரலுக்குத்தான் தலைப்பில்லை. இராஜராஜன் 985–1014, இராஜேந்திரன் 1012–1044, இராஜாதிராஜன் 1018–1054. பிள்ளையள் 29, 32, 36 எண்டு கூட்டி 97 வருசம் எண்டு எழுதுகினம். 985இலிருந்து 1054 வரை 69தான். மிச்சம் 28 இரண்டு தரம் எண்ணுப்பட்டது. அந்தச் சேர்ந்திருந்த காலத்துக்கு, கோ-ரீஜென்சிக்கு, ஒரு சொல் தாங்கோ.

நல்லூர்: கூட்டாட்சி. எல்லாருக்கும் விளங்கும்.

சுன்னாகம்: பிழையாய் விளங்கும். அது சமஷ்டி.

நல்லூர்: சமஷ்டி தமிழோ? 1949இல் சமஷ்டி கேட்டுக் கட்சி தொடங்கினவை தமிழரசு எண்டெல்லோ பேர் வைச்சவை.

கொக்குவில்: ஐயாமாரே, 1949 வேண்டாம். 1012 காணும்.

வட்டுக்கோட்டை: முதலில் இராசராசன் என்று எழுதுக, ஜகரம் எதற்கு? சொல் புறநானூற்றிலேயே உள்ளது. 58ஆம் பாட்டு பெருந்திருமாவளவனும் பெருவழுதியும் 'ஒருங்கிருந்தாரை'ப் பாடியது. ஒரு, ஒருங்கு, ஒருங்கே, ஒருங்கிணை எனக் கிளைத்த அடி. ஆகவே ஒருங்காட்சி.

சுன்னாகம்: ஐயா, ஒருவன் உறந்தைச் சோழன், மற்றவன் கூடல் பாண்டியன். பக்கத்தில இருந்த சிநேகிதர். ஒரு நாட்டை ஆளேல்லை. விடைத்தாளில அருங்காட்சி எண்டுதான் வரும், பாருங்கோ.

அளவெட்டி: சொல்லுக்கு முன் எல்லையை வரையுங்கள். இளையவருக்குத் தனி யாண்டு, அதாவது ஆட்சியாண்டு, எண்ணப்படுகிறதா என்பதே சோதனை. இராஜேந்திரன் கல்வெட்டுகள் 1012இலிருந்து எண்ணுகின்றன. ஈழப் படையெடுப்பு அவனுடைய 5ஆம் யாண்டு. ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்ட 1017உடன் அது பொருந்துகிறது. தகப்பன் இறந்த 1014ஐ முதலாண்டாக வைத்தால் பொலன்னறுவைக் கதை முழுவதும் இரண்டு வருடம் பிந்திவிடும். பெல்ஷாசார் இதற்கு மாறு. அவன் தகப்பன், பாபிலோன் அரசன் நபோனிடஸ், அரேபியாவின் தைமாவில் இருந்தபோது பாபிலோனை மகன்தான் பார்த்தான். ஆனால் களிமண் பலகைகளில் ஆண்டு தகப்பன் பெயரிலேயே. அவனை இந்த நிரலில் போடக்கூடாது, அது பதிலாட்சி.

சுன்னாகம்: அப்ப இணையாட்சி. சமாதானப் பேச்சு நேரம் இணைத்தலைமை நாடுகள் எண்டு பேப்பர் வாசிச்ச சனத்துக்குத் தட்டாது.

அளவெட்டி: இணை என்றால் சமம். 161 முதல் 169 வரை ரோமில் மார்க்கஸ் ஒளரேலியஸ், லூசியஸ் வெரஸ் இருவருக்கும் ஒகஸ்டஸ் எனும் பேரரசர் பட்டம், அது இணை. 26 வருடம் தகப்பனுக்குக் கீழ் நின்ற இராஜாதிராஜன் இணையா? உடனாட்சி என்க.

நல்லூர்: உடனடிக் கோப்பி மாதிரிக் கிடக்கு.

வட்டுக்கோட்டை: கோயிலில் உடனுறை என்றால் மட்டும் இனிக்கிறதோ? தொல்காப்பியர் உள்ளுறை ஐந்தில் முதலாவதே உடனுறை. அன்றேல் இளங்கோவாட்சி என்க.

அளவெட்டி: வெறும் இளங்கோவுக்கு, இளவரசனுக்கு, யாண்டு இல்லை, ஐயா. திரும்பவும் பெல்ஷாசாரிடம் போகிறோம்.

கொக்குவில்: நேரம் போட்டுது. சுன்னாகம், நல்லூர், நான், மூண்டு பேர் இணையாட்சிக்கு. 'இணையாட்சி ஆண்டுகள்' எண்டு தலைப்பு. கீழே 2, 26 எண்டு குறிச்சு, கூட்டுத்தொகையில கழிக்கச் சொல்லி ஒரு வரி. அசோகனுக்குக் கோடு.

அளவெட்டி: என் மறுப்பைப் பதிந்துவிடுங்கள், வெரஸும் இராஜாதிராஜனும் ஒரு சொல்லுக்குள் அடங்கமாட்டார்கள். அசோகன் வரிசையையும் பாருங்கள். அவன் கல்வெட்டுகள் முடிசூட்டு அபிஷேகத்திலிருந்து எண்ணுபவை, கலிங்கப் போருக்கு எட்டு வருடம். மகாவம்சம் அரசேறியதற்கும் அபிஷேகத்துக்கும் இடையில் நாலு வருடம் வைக்கிறது. நீங்கள் இரண்டுக்கும் 'அரியணையேற்றம்' என்றே போட்டிருக்கிறீர்கள்.