குளச்சல் பக்கம் புது வீடு: எந்த ஏசி, எந்த ஹீட்டர்?

கேள்வி: கடலில் இருந்து அரை கிலோமீட்டர்தான், கான்கிரீட் போட்டாச்சு. 120 சதுர அடி அறைக்கு 1.5 டன் ஏசி வேண்டும் என்கிறார் கடைக்காரர். குளிக்க சோலாரா, கீசரா?

பதில் 1: அண்ணே, அந்த அறைக்கு 1 டன்னே போதும். காப்பர் காயிலா, துருப்பிடிக்காத பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள், எங்கள் வெளி யூனிட் மூன்றே வருடத்தில் உப்புக்காற்றில் பொரிந்து, விரல் வைத்தாலே தகடு பொடியாக உதிர்ந்தது.

பதில் 2: இங்கே ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சோலாரை மட்டும் நம்பினால் பச்சைத்தண்ணீர்தான். 15 லிட்டர் கீசர் வையுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் உள்ளே தொட்டி அரிக்காமல் காக்க, தான் கரையும் ஆனோடு கம்பியை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, ஆனால் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே.

பதில் 1: அதை முதலில் சொல்ல வேண்டாமா! மேலே வெயில் சூட்டைத் திருப்பிவிடும் வெள்ளை கூலிங் ஓடு பதித்துவிட்டு அப்புறம் ஏசி பாருங்கள்.