கலைச்சொல் வேண்டும்: பாலைவன கோல்ஃப் மைதானத்தின் 'வேஸ்ட் ஏரியா'

அன்பு நண்பர்களுக்கு,

அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேல் பக்கம் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தின் குறிப்பேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். புல்தரைகளுக்கு நடுவே அப்படியே விட்டிருக்கும் மணலும் கள்ளியுமான பகுதியை 'வேஸ்ட் ஏரியா' என்கிறார்கள். பங்கருக்கு 'மணற்குழி' வைத்துவிட்டேன். மணற்குழியில் பந்தை ஒட்டிய மணலை அடிக்குமுன் மட்டை தொட்டால் தண்டம். வேஸ்ட் ஏரியாவில் தொடலாம். அதனால் இரண்டும் தனித்தனிச் சொல்லாக இருக்க வேண்டும்.

---

தம்பி, 'பாழ்நிலம்' போதுமே. யாருக்கும் புரியும்.

---

ஐயா, மன்னிக்கவும், அது பாழ் இல்லை. அந்தப் பக்கத்துச் சோனோரன் பாலைவனத்தில் சகுவாரோ கள்ளிக்கு ஒரு கிளை விடவே ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். மரங்கொத்தி குடைந்த பொந்தில் அப்புறம் ஆந்தை குடியேறும். 1980இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்துக்குப் பின் அங்கே புல்லின் பரப்புக்கே வரம்பு உண்டு. இந்த மண்ணை விட்டுவைத்ததில் அதற்கும் பங்குண்டு. நம்மிடம் 'பாலை' இருக்கும்போது பாழ் எதற்கு?

---

பாலை பொருந்தாது அம்மா. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்கிறது சிலம்பு. சோனோரன் எதிலிருந்தும் திரிந்ததல்ல. 'சுரம்' என்பதே சரி. சுள், சுடு, சுரசுரப்பு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. வெம்மையும் சொரசொரப்பும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன.

---

சுரம் என்றால் இன்று காய்ச்சல், இல்லையென்றால் இசை. பந்து சுரத்தில் விழுந்தது என்றால் ஆடுகிறவர் என்ன நினைப்பார்? என் ஓட்டு 'புறம்போக்கு'. தீர்வைக்கு வெளியே நிற்கும் நிலம். விளையாட்டில் அதன் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

---

நல்ல சொல்தான், ஆனால் வசவாகிவிட்டதே ஐயா.

---

இன்னொன்றையும் பாருங்கள். 2019 கோல்ஃப் விதிகளின்படி பாலைவனப் பகுதியையே தண்டப் பகுதியாக ('பெனால்டி ஏரியா') குறிக்க மைதானத்துக்கு உரிமை உண்டு. குறிக்காத இடத்தில் விழுந்த பந்தை அப்படியே அடிக்கலாம். ஆகவே நம் சொல்லில் இழப்பின் சாயல் இருக்கக் கூடாது. பாழ் அங்கேயே அடிபடுகிறது. 'பாலைத்தரை' என்று வைக்கலாமா?

---

அனைவருக்கும் நன்றி. மூன்று பேர் ஒப்பியதால் 'பாலைத்தரை' என்றே போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'வேஸ்ட் ஏரியா எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன்.

---

அனுப்பியது சரி. ஆனால் தரை என்றால் சமமாக இருக்க வேண்டாமா? அங்கே பாறையும் வறண்ட ஓடையும் அல்லவா கிடக்கின்றன. அடுத்த பதிப்பில் சுரத்தை இன்னொரு முறை பாருங்கள்.